ஓடாத மிளா

ஏலக்காய் என்றதும் உங்களுக்கெல்லாம் பாயசம் நினைவுக்கு வரும். எனக்கு அழுகல் வாடைதான் நினைவுக்கு வருகிறது. அடைமழையில் செடியிலேயே அழுகிப்போன காயை விரலால் நசுக்கிப் பார்த்தவர்கள் யாராவது உங்களில் இருந்தால் நான் சொல்வது புரியும். வெந்தது போல நிறம் மாறி, தொட்டதும் தோல் கழன்று, உள்ளேயிருந்து கொழகொழவென்று ஒரு சாறு வரும். விரலில் பட்டால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சோற்றைப் பிசையும்போது அந்த வாடை எழும்.

நம் வயதுக்காரர்கள் கூடினால் பசி போச்சு, ருசி போச்சு என்றுதான் பேச்சு. எனக்கும் எல்லாம் போய்விட்டது, மூக்கு மட்டும் போகவில்லை. குழம்பு கெடத் தொடங்கியிருந்தால் மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். என் மருமகள் இதை ஒரு குணக்கேடு என்று நினைக்கிறாள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிறு வயதில் இதற்காக வாங்கிய அடி அப்படி. அந்த எண்ணம் மாறுவதற்குக் காரணமான ஒரு மழைக்காலத்தைத்தான் சொல்லப்போகிறேன். ஐம்பதுகளில் நடந்தது.

போடியில் எங்களுக்கு வீடு. குரங்கணிக்கு மேலே மலையில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். காய் பறிக்கும் காலத்தில் அப்பா மேலேயே தங்கிவிடுவார். அந்த வருடம் அம்மாவையும் என்னையும் அத்தையையும் கூடவே கூட்டிப் போனார். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். அம்மா மாசமாக இருந்தாள். மாசமாக இருப்பவளை எதற்காக அந்த மழைக்கும் அட்டைக்கடிக்கும் நடுவே கூட்டிப் போனார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று யாரும் கேட்கவில்லை. பறிப்புக்கு வந்த பெண்களுக்கும் சேர்த்துச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி இரண்டு அறைகள், மேலே தகரக் கூரை. துணி காயவே காயாது. கம்பளியில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை, புளிச்சட்டியைத் திறந்தால் அதன் மேலும் வெள்ளையாகப் பூஞ்சை. ஒவ்வொருவர் இடுப்பிலும் புகையிலையும் உப்பும் முடிந்த ஒரு துணிமுடிச்சு தொங்கும். அதை நனைத்துக் காலில் தேய்த்தால் அட்டை அண்டாது. அந்த முடிச்சை இன்று யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றிரண்டு அட்டை ஏறிவிடும். ரத்தம் குடித்துத் திராட்சை போல உருண்டிருப்பதை அத்தை வெறும் விரலால் பிடுங்கி அடுப்பில் எறிவாள். அது வெடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டுப் புருஷனைப் பறிகொடுத்து, எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அருவருப்பு என்பது அவள் உடம்பிலேயே கிடையாது. அரிசியில் நெளியும் புழுவை ஊதித் தள்ளிவிட்டு உலையில் போடுவாள். நூல் விட்ட சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கரைத்துக் குடிப்பாள்.

"எம் வயிறு கல்லப் போட்டாலும் செரிக்கும். பொறந்ததுல இருந்து நான் ஒருக்கா கூட வாந்தி எடுத்ததில்ல" என்று பெருமையாகச் சொல்வாள்.

நானோ எதைக் கண்டாலும் குமட்டுகிறவள். அம்மாவுக்கும் அந்த மாதங்களில் மசக்கை. எண்ணெய் காய்ந்தால் ஓடுவாள், கருவாடு என்று பேச்செடுத்தாலே வாயைப் பொத்திக்கொள்வாள். அத்தைக்கு நாங்கள் இருவருமே நடிக்கிறவர்கள்.

"ஆத்தாளும் மகளும் மகாராணிக. மூக்கப் புடிச்சுக்கிட்டே பொழுத ஓட்டிருவாளுக."

வாசலுக்கு எதிரே ஒரு பலாமரம். துணிக்கொடி கட்டுவதற்காக அத்தை அதில் அரிவாளால் ஆழமாகக் கொத்தியிருந்தாள். வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் கசிந்து, பழுப்பேறி, ஈயும் எறும்பும் ஒட்டிக்கொண்டு சளி காய்ந்தது போலத் தொங்கியது. துணி காயப்போடும் இடத்தில் அசிங்கமாக இருக்கிறதென்று அத்தை அதை அவ்வப்போது சுரண்டிவிடுவாள். மரம் திரும்பவும் கசியவிடும். அவள் திரும்பவும் சுரண்டுவாள். மழை முடிவதற்குள் அந்தக் காயம் உளுத்து, விரலை விட்டால் உள்ளே போகிற அளவுக்குப் பொத்தலாகி, அதில் நாய்க்குடை முளைத்திருந்தது. அந்தப் பால்தான் மரம் தன் புண்ணுக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. சில நாட்களில் அது எதையும் தின்னாது. மேட்டுக்குப் போய்க் குறிப்பிட்ட ஒரு புல்லை மட்டும் தேடிக் கடித்துவிட்டு வரும். பிறகு முதுகைக் கூனி, வயிற்றை எக்கி எக்கி, மஞ்சள் நுரையோடு எல்லாவற்றையும் கக்கும். ஒருமுறை அந்த நுரைக்குள் நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. அத்தை விறகுக்கட்டையை எடுத்து வீசினாள்.

"சீக்குப் புடிச்ச நாயி. வாசல்ல வந்து கக்குது பாரு."

"அதுக்குள்ள சேராதது என்னமோ இருக்கு மதினி. வெளிய தள்ளுது, விடுங்க" என்றாள் அம்மா. கக்கி முடித்த நாய் ஸ்டோர் சுவரோரம் சுருண்டு படுத்தது. மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் தோட்டத்துக் காவல்காரர் ஓட்டமாக வந்தார். அவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும்.

"மொதலாளி, ஓடையில ஒரு மிளா நிக்குது. ஆளைக் கண்டிட்டும் ஓடலை. வெரசா வாங்க."

மிளா என்றால் கடமான். ஒன்று விழுந்தால் தோட்டமே சாப்பிடலாம். பல வாரமாக எல்லாருக்கும் கஞ்சியும் துவையலும்தான். அப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. துடைத்துத் துடைத்து வைப்பாரே தவிர, அதைக் கொண்டு எதையும் அவர் வீழ்த்தி நான் பார்த்ததில்லை. அன்று அவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது.

"வா தாயி, அப்பா சுடுறதப் பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓடையில் அது வயிறு முங்க நின்றது. தலை தொங்கிப்போயிருந்தது. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் வழிந்து தண்ணீரில் இழுபட்டது. கண்ணோரம் பீளை, மூக்கில் ஈ. எதிர்ச்சரிவில் அதன் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பெட்டைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவை கிட்டே வரவில்லை. எங்களோடு வந்த நாயும் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அப்பா குறிபார்த்துச் சுட்டார். குண்டு பின்னாலிருந்த மரத்தில் பட்டுப் பட்டை தெறித்தது. பெட்டைகள் பாய்ந்து மறைந்தன. மிளா காதை மட்டும் ஒருமுறை அசைத்தது. அப்பா தோட்டாவை மாற்றி, இன்னும் கிட்டே போய் மறுபடியும் சுட்டார். அது மடங்கி விழுந்தது.

"ஆண்டவனே கொண்டாந்து நிப்பாட்டிருக்கான் மொதலாளி!" என்றார் காவல்காரர்.

நோய் வந்த மிருகம் கூட்டத்தை விட்டு விலகும், தீனியை ஒதுக்கும், அசையாமல் ஓரிடத்தில் நின்று காய்ச்சலோடு மல்லுக்கட்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அது அங்கே நின்றது தன்னையும் தன் கூட்டத்தையும் காப்பாற்றிக்கொள்ள. நாங்கள் அதை விருந்து என்று நினைத்தோம்.

அறுத்தபோது ரத்தம் உறையவில்லை. தாரைப் போலக் கறுப்பாக வாழையிலையில் வழிந்துகொண்டே இருந்தது. வயிற்றைக் கீறியதும் வந்த வாடையை எப்படிச் சொல்வேன்? அழுகல் வாடையும் இல்லை, பச்சைக் கவிச்சியும் இல்லை. இனிப்பும் புளிப்புமாக, தொண்டைக்குள் ஒட்டிக்கொள்கிற ஒரு வாடை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். நாய்க்கு ஒரு துண்டை வீசினார்கள். அது முகர்ந்து பார்த்தது, மூக்காலேயே மண்ணைத் தள்ளி அந்தத் துண்டை மூடியது, போய்விட்டது.

அத்தை கைமுட்டிவரை ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். கன்றிப்போன இடங்களை அரிந்து அரிந்து எறிந்தாள். நடுவில் கத்தி வழுக்கி அவள் புறங்கையில் கீறியது. சேலையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஈரலை எடுத்துக் கங்கில் போட்டு, வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்போதே பிய்த்துத் தின்றாள். காவல்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் வாயில் போட்டுவிட்டு யாரும் பார்க்காதபோது துப்பினார். நான் பார்த்தேன்.

பறிப்புக்கு வந்த பெண்கள் தங்கள் பங்கை வாங்கிப் போய்க் கூழாகும்வரை வேகவைத்தார்கள். எங்கள் வீட்டில் பொழுது சாயும்போது குழம்பு தயாரானது. அப்பா தன் வெண்கலக் கும்பாவில் சோறு போட்டு, கறியை அள்ளி வைத்து, அம்மாவைக் கூப்பிட்டார்.

"வந்து ஒரு வாய் தின்னு. நான் சுட்டது."

"எனக்கு வேணாங்க. அந்த வாடையே ஆகல. நாய் கூடத் திங்கல, பாத்தீங்கள்ல?"

"நாயும் நானும் ஒண்ணா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"புள்ளத்தாச்சி தெம்பா இருக்க வேணாமா? தின்னுடி." அவரே ஒரு கவளத்தை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் அழுத்தினார். உள்ளே போனதை அவள் அப்படியே அவர் காலடியில் துப்பினாள்.

அப்பா அவளை அடிக்கவில்லை. முகம் செத்துப்போய்த் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதற்குள் அத்தை என்னைப் பிடித்துவிட்டாள். மூக்கை ஒரு கையால் பொத்தி, மூச்சுக்கு வாய் திறந்ததும் கட்டைவிரலால் கறியை உள்ளே தள்ளினாள்.

"முழுங்குடி. கக்குனா கக்குனதையே ஊட்டிவிடுவேன்."

முழுங்கினேன். வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அத்தை கரண்டிக் காம்பால் என் முதுகில் போட்டாள். அந்தத் தடிப்பு மறைய வெகுநாள் ஆனது. அப்பாவும் அத்தையும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா வீம்புக்குத் தின்றார். அத்தை ரசித்துத் தின்றாள்.

மறுநாளே அப்பாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியது. ஸ்டோர் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடும் போலக் கக்கினார். பறிப்புப் பெண்களில் சிலரும் படுத்தார்கள். காவல்காரருக்கு உடம்பு கொதித்தது. "பனியாக்கும், பனியாக்கும்" என்று கம்பளிக்குள் முனகினார். அவர் பாஷையில் பனி என்றால் காய்ச்சல். இவர்களெல்லாம் கக்கி, கழிந்து, பட்டினி கிடந்து ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள்.

அத்தைக்கு மட்டும் எதுவும் வெளியே வரவில்லை. வயிறு முரசு போல உப்பியது. கத்தி கீறிய புறங்கையில் முதலில் ஒரு கொப்புளம். பிறகு அதன் நடுவே கரித்துண்டை வைத்து அழுத்தியது போல ஒரு கறுப்புப் பொருக்கு. கை தோள்வரை வீங்கிப் பளபளத்தது. அறைக்குள் நுழைந்தால் மிளாவின் வயிற்றைக் கீறியபோது வந்த அதே வாடை.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மாதான் உள்ளே போனாள். கருவாடு என்ற சொல்லுக்கே ஓடியவள், அந்தக் கையை மடியில் வைத்து மஞ்சள் போட்ட வெந்நீரால் கழுவினாள். அடியில் விரித்த பழந்துணியை மாற்றினாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. எப்படி முடிந்தது என்று பெரியவளான பிறகு கேட்டிருக்கிறேன். "எனக்கும் தெரியலடி. வெளிய வந்து ஓடைல தலைய முக்கிக்கிட்டு நிப்பேன்" என்றாள்.

அத்தையை இறக்கிப் போடிக்குக் கொண்டுபோகலாமென்றால் ஓடையில் வெள்ளம். நாய்க்குடை போல வெளுத்துப்போயிருந்த அத்தை, படுத்த இடத்திலிருந்தே சோறு கேட்டாள்.

"சோத்தக் கொண்டா. திங்காட்டி செத்துருவேன்."

"வேணாம் மதினி. வயிறு உப்பிக் கெடக்கு. உடம்பே வேணாங்குது. வெறும் தண்ணி குடிங்க."

"ஒனக்கு என்னடி தெரியும்?" என்று அத்தை சீறினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. நான் அதற்கு முன்பு கேட்டிராத கதையை அன்றுதான் அவள் சொன்னாள். அவளுக்கு ஒரு மகன் இருந்தானாம். தேவாரத்தில் மழையில்லாமல் வெள்ளாமை பொய்த்து, புழுத்த கேப்பையும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும்தான் உணவாக இருந்த காலம். "அவன் வாயப் பூட்டிக்கிட்டான். நாறுதும்மா, வேணாம்மா, வேணாம்மான்னான். எம்புள்ள அழுகுதேன்னு நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. மூக்கப் பொத்தி உள்ள தள்ளிருந்தா பொழச்சிருப்பான். நான் தின்னேன், பொழச்சேன். பாரு, இன்னமும் உசுரோட இருக்கேன்."

அம்மா எழுந்து போய்க் கஞ்சியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். தப்பு என்று தெரிந்தே ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விக்கலை அடக்கிக்கொண்டு விழுங்கினாள். வீரத்தோடு விழுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். என் வாயில் கறியைத் திணித்த விரல்கள் இப்போது மூங்கில் குருத்து போல வீங்கிக் கிடந்தன. அவளை வெறுத்துக்கொண்டே நான் அழுதேன்.

வெள்ளம் வடிந்ததும் கம்பளியைக் கம்பில் கட்டி டோலி செய்து இறக்கினார்கள். அம்மா வயிற்றைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தாள். பாதி வழியில், தூக்கியவர்கள் தோள் மாற்ற இறக்கி வைத்தபோது, அத்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து எடுக்காத வாந்தியை எடுத்தாள். கறுப்பாக, காப்பித்தூள் கரைத்த மாதிரி. அம்மாவின் மார்பிலும் மடியிலும் வழிந்தது. "இப்பத்தான் ஆத்தா லேசா இருக்கு" என்றாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். குரங்கணியில் காத்திருந்த மாட்டுவண்டியில் பிணத்தைத்தான் ஏற்றினோம்.

போடி வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களிடம் அப்பா, "மலைக்காய்ச்சல்" என்றார். எல்லாரும் நம்பினார்கள். மலைக்குப் போனால் காய்ச்சல் வருவது வழக்கம்தானே. சொந்தக்காரக் கிழவி ஒருத்தி, "மாசமா இருக்குறவ நாத்தனாளுக்கு முகஞ்சுளிச்சுச் சோறு போட்டாளாமே, அந்த வகுத்தெரிச்சல்தான்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். யார் மடியில் அத்தை செத்தாள் என்று அப்பா எடுத்துச் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். அறுத்த மிளாவைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

அம்மா நல்லபடியாகப் பெற்றாள். என் தம்பிக்கு இன்றும் எதைக் கொடுத்தாலும் செரிக்கும். அவனுக்கு இந்தக் கதை தெரியாது.

அப்பா மட்டும் அந்த வேட்டையை விடவில்லை. ஒரு வருடம் கழித்து, வந்தவர்களிடம் மிளா ஓடியது என்றார். பிறகு பாய்ந்தது என்றார். பிறகு கொம்பைச் சாய்த்துக்கொண்டு அவர் மேலேயே வந்தது. ஒரே குண்டு, நெற்றிப்பொட்டு. அந்தக் கதையில் அத்தை கிடையாது, வாடை கிடையாது, மரத்தில் பட்ட முதல் குண்டும் கிடையாது. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் ஆரம்பித்ததும் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவர் முடிக்கிறவரை வரமாட்டாள். கடைசிவரை அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை.

அம்மா போன பிறகு ஒரு கோடை விடுமுறையில் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பார்வை மங்கி, கட்டிலோடு இருந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். அவர் அதே கதையை எடுத்தார். மிளா சரிவில் காற்றாக இறங்கி வந்தது.

எழுந்து போக இப்போது அம்மா இல்லை. நானும் எழவில்லை.

"அது ஓடலப்பா" என்றேன். "நின்னுக்கிட்டிருந்துச்சு."

அப்பாவின் கை அந்தரத்தில், துப்பாக்கி பிடித்த பாவனையிலேயே நின்றது. மெல்ல இறங்கி முழங்கால் மேல் விழுந்தது. பெரியவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நெசமாவே ஓடலையா தாத்தா?"

"ஓடிருந்தா நல்லாருந்திருக்கும்ப்பா" என்றார் அப்பா. "ஓடுறதச் சுட எனக்கு எப்பவுமே வந்ததில்ல. எங்கக்கா உசுரோட இருந்திருக்கும்."